தாரா முட்டை பொரிக்கேல்லை, மிஸ்!

இன்கியூபேட்டர் விற்கிற இடத்தில் போன் எடுக்கிற வேலை என்பது, முட்டைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாத ஒருவர், முட்டைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாத இன்னொருவருக்குத் தைரியம் சொல்கிற வேலை.

கொட்டாஞ்சேனையில் ஃபஹ்மி நானாவின் பட்டறையில் அந்த வேலைக்குத்தான் நான் சேர்ந்தேன். நானா இன்கியூபேட்டர் பெட்டி செய்வதில் கெட்டிக்காரர். ஆனால் போனில் ஒரே கேள்வியை ஒருவர் இரண்டாம் தரம் கேட்டால் பட்டென்று வைத்துவிடுவார். அதற்கு முன் நான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தவள். “பல்லு வலிக்காரங்களோட கதச்ச ஆள், முட்டக்காரங்களோட கதைக்க மாட்டாவா?” என்று சொல்லி நானா என்னை எடுத்தார். பட்டறையில் மூன்றாவது ஆள் செல்வம். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக நானாவிடம் இருக்கிற மெக்கானிக். நானும் நானாவும் தாரா என்பதை அவன் வாத்து என்பான். அதைத் தவிர எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

கோழி முட்டை வைக்கிறவர்கள் எங்களுக்கு அதிகம் போன் எடுப்பதில்லை. எடுக்கிறவர்கள் தாராக்காரர்கள். தாரா முட்டை பொரிக்க எடுக்கிற இருபத்தெட்டு நாள் என்பது சாதாரண மனிதருக்கு நீளம்தான். நீங்களும் ஒரு தரமாவது பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தவராக இருந்தால், கீழே வருகிறவர்களை உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

கண்ணா, இருதயமா?

சேர்ந்து இரண்டு மாதம் வரைக்கும் நான் ஒரு தாரா முட்டையின் உள்ளேயும் பார்த்ததில்லை. செல்வம் சொல்லித் தந்ததைப் பாடமாக்கி ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச்சுக்கு மேலே முட்டையைப் பிடியுங்கோ, சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கு, வெறும் மஞ்சளாக இருந்தால் கரு இல்லை. இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு டொக்டர் வந்துவிடுவார். ஒரு நாள் கிருலப்பனையிலிருந்து ஓர் அம்மா எடுத்தார். “நரம்பு வடிவாத் தெரியுது, மிஸ். நடுவில ஒரு கறுப்புப் புள்ளி துள்ளுது. அது கண்ணோ, இருதயமோ?” எனக்குத் தெரியாது. “ரெண்டும்தான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பின்னேரம் செல்வத்திடம் கேட்டேன். அவன் பரிசோதனைக்கென்று வைத்திருக்கிற பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனான். கதவைச் சாத்தி டோர்ச்சைப் போட்டான். முட்டை முழுக்க ஒரு செந்நிற விளக்குப்போல் எரிந்தது. உள்ளே மர வேர்மாதிரி நரம்புகள், அவற்றின் நடுவில் மிளகு அளவில் ஒரு புள்ளி. அது ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. “புள்ளி கண்ணு, அக்கா. ஆடுறது முழு உடம்பு” என்றான். ஓடிப்போய் அந்த அம்மாவுக்குப் போன் எடுத்து, முதலில் சொன்னது பிழை, அது கண் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “பரவாயில்லை, மிஸ். நான் அதுக்குள்ள இன்னும் மூண்டு பேரிட்ட கேட்டிட்டன். மூண்டு பேரும் ‘ரெண்டும்தான்’ எண்டு சொல்லிச்சினம்.”

ரயில் மேல் விழுந்த பழி

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையொன்றில் சிவபாலன் ஐயா இருந்தார். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். நீர்கொழும்பிலிருக்கிற நண்பர் ஒருவர் முட்டை அனுப்புவார், இவர் பொரிக்க வைப்பார். மூன்று தரம் வைத்தார், மூன்று தரமும் பத்துப் பன்னிரண்டாம் நாளில் எல்லாம் செத்துவிட்டன. காரணத்தையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ரயில். எந்த ரயில் எத்தனை மணிக்குப் போகிறது, எது கூடுதலாக அதிர வைக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதியிருந்தார்.

நானும் செல்வமும் போனோம். ஐயா பெட்டிக்கு மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துவிட்டு எங்களை இருத்தினார். ரயில் வந்தது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. “பாத்தீங்களோ?” என்றார். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த ரயிலையும் பார்த்தேன், அதற்கு அடுத்ததையும் பார்த்தேன். பெட்டிக்குக் கீழே மெத்தையை மடித்து வைத்தால் என்ன என்று யோசனைகூடச் சொன்னேன். அதற்கிடையில் செல்வம் மூடியின் திருகாணிகளைக் கழற்றிவிட்டான். உள்ளே ஹீற்றரை அணைத்து ஏற்றுகிற ரிலேயின் முனைகள் பாசி பிடித்தமாதிரிப் பச்சையாக இருந்தன. கடற்காற்று. ஐயா பெட்டியை வைத்திருந்தது எப்போதும் திறந்தே கிடக்கிற ஜன்னலோரம். சில நேரம் ஹீற்றர் மணிக்கணக்கில் எரியவே இல்லை. சில நேரம் அணையவே இல்லை.

ரிலேயை மாற்றி, பெட்டியை உள் அறைக்குக் கொண்டுபோனோம். நான்காம் தரம் ஒன்பது குஞ்சு வந்தது. ரயில்கள் அதே நேரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ஐயா போனில் சந்தோசமாகத்தான் கதைத்தார், கடைசியில் மட்டும் கொஞ்சம் குரல் இறங்கியது. “அப்ப ரயிலில ஒரு பிழையும் இல்லையோ? நான் ஸ்ரேசன் மாஸ்ரருக்கு ரெண்டு கடிதம் எழுதிப் போட்டிட்டன், மிஸ்.”

காய்ச்சல்

எங்கள் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பரமேஸ் அன்ரி, இளைப்பாறிய தாதி. அவருடைய தாராக் குஞ்சுகள் இரண்டு நாள் முந்தியே பொரித்தன. பொரித்தவை நிற்க மாட்டாமல், தொப்புள் மூடாமல் கிடந்தன. “உள்ள சூடு கூடிப்போச்சு, பிள்ளை” என்றார். “முகப்பில என்ன காட்டுது, அன்ரி?” என்று கேட்டேன். முப்பத்தேழரை என்றார். “அப்ப சூடு சரி” என்றேன். இதே உரையாடல் மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் அவர் நேரே வந்துவிட்டார். கைப்பைக்குள்ளிருந்து லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு பழைய காய்ச்சல் தேர்மோமீற்றரை எடுத்து என் மேசையில் வைத்தார். அது பெட்டிக்குள் ஒரு இரவு முழுக்க, பொரிக்காத முட்டைகளுக்கு நடுவில் கிடந்ததாம். இரசம் முப்பத்தொன்பதைத் தாண்டி நின்றது. அந்த வகைத் தேர்மோமீற்றரில் ஏறின இரசம் உதறாமல் இறங்காது. ஆகவே சாட்சி அப்படியே இருந்தது.

செல்வம் போய்ப் பார்த்தான். வெப்பத்தை அளக்கிற உணரியின் வயர் கழன்று, மூடியிலிருக்கிற காற்றுத் துளைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிக்குளிர் அதில் பட்டது. உள்ளே குளிராக இருக்கிறதென்று பெட்டி நம்பியது, ஹீற்றரை ஓடவிட்டது. முகப்பு காட்டியது துளையடிச் சூட்டை, முட்டைகள் கிடந்தது வேறு சூட்டில். அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேர்மோமீற்றரை உதறி இரசத்தை இறக்கி, திரும்ப லேஞ்சியில் சுற்றினார். “காய்ச்சல் எண்டால் எனக்குத் தெரியாதே, பிள்ளை? முப்பது வருசம் வார்ட்டில நிண்டனான்.”

ராஜா

பாமன்கடையில் கணினி வேலை செய்கிற ரமணன், வீட்டுப் பின்பக்கத்தில் நான்கு தாரா வைத்திருந்தார். குளிப்பதற்குப் பெரிய பிளாஸ்ரிக் தொட்டி, படுப்பதற்குக் கம்பி வலை போட்ட கூடு, எல்லாம் ஒழுங்கு. பெட்டியிலும் பிழையில்லை. ஆனால் வைக்கிற முட்டை எல்லாம் ஏழாம் நாளில் வெறும் மஞ்சள். கரு என்ற பேச்சே இல்லை. “சேவல் இருக்கோ?” என்று போனில் கேட்டேன். தாராவிலும் ஆணைச் சேவல் என்றுதான் சொல்வோம். “ஓம், ராஜா இருக்கிறான். பெரிய ஆள். அவன் கத்தினால் ஒழுங்கை முடியுமட்டும் கேக்கும்” என்றார். அப்படியான சேவல் இருந்தும் ஏன் இப்படி என்று எனக்கும் அறிய ஆசையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை செல்வத்தோடு கிளம்பினேன்.

ராஜா உண்மையிலேயே கம்பீரம். எங்களைக் கண்டதும் கழுத்தை நீட்டி ஒரு கத்துக் கத்தியது, எனக்குக் காது அடைத்தது. செல்வம் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டான். பெட்டைத் தாராதான் அப்படிக் கத்துமாம். சேவலுக்குத் தொண்டை கட்டினமாதிரிக் கரகரப்பான குரல், வாலுக்கு மேலே சுருண்ட இறகும் இருக்குமாம். நான்கு வாலையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஒரு சுருள்கூட இல்லை. நான்கும் பெட்டை. ரமணன் கூட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு “ராஜா” என்று மெல்லக் கூப்பிட்டார். அது கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவர் எங்களைப் பார்த்தார். “அப்ப ராஜா எண்டு கூப்பிட்டா அது ஏன் மிஸ் திரும்பிப் பாக்குது?”

வீடு மந்திரித்த அன்று

கொட்டாஞ்சேனையில் ரோஸ்மேரி அக்காவின் வீட்டுக்குள் செருப்போடு போனால் செருப்புக்கே வெட்கம் வரும், அவ்வளவு சுத்தம். தாரா என்பது சேற்றில் முட்டையிடுகிற பிராணி. வந்த முட்டைகளைக் கண்ட அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரும் தேங்காய்ப் பொச்சு நாருமாக ஒவ்வொன்றையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித்தான் பெட்டிக்குள் வைத்தார். முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். அதைத்தான் அக்கா தேய்த்துக் கழுவி ஊற்றியிருந்தார்.

பதினைந்தாம் நாள் காலையில் போன் வந்தது. ஒரு முட்டை வியர்க்கிறது, மண்ணிறத்தில் துளி துளியாக வருகிறது, ஒரு மணமும் இருக்கிறது என்றார். ஆட்டாமல் அசைக்காமல் இப்போதே வெளியே எடுத்து குழி தோண்டி மண்ணில் தாழுங்கோ என்றேன். “இண்டைக்கு வீடு மந்திரிக்க ஃபாதர் வாறார், பிள்ளை. அவர் போனபிறகு செய்யிறன்” என்றார். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. ஃபாதர் ஜெபத்தின் நடுவில் நிற்கும்போது ஹோலின் மூலையில் பெட்டிக்குள் முட்டை டப்பென்று வெடித்ததாம். ரோஸ்மேரி அக்கா முன்றானையால் மூக்கை மூடிக்கொண்டு அழுகிற நிலையில் நின்றார். ஃபாதர் வாசலுக்கு வெளியே கதிரை போட்டு இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அக்காவுக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னார்: “அழ வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் பாதியில நிப்பாட்டேல்லை, கொஞ்சம் வேகமாச் சொல்லி முடிச்சனான், அவ்வளவுதான்.”

நுகேகொடை ரீச்சர்

இவருடைய பிரச்சினை என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. நுகேகொடையில் இருக்கிற சிங்கள ரீச்சர் ஒருவர். எங்கள் வாடிக்கையாளர்களிலேயே ஒழுங்கானவர். நாளுக்கு ஐந்து தரம் முட்டை புரட்டிய நேரம், சூடு, ஈரப்பதம், எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதி வைப்பார். ஏழாம் நாள் நரம்பு இருக்கும், பதினான்காம் நாள் குஞ்சு ஆடும், இருபத்திரண்டாம் நாளும் ஆடும். பிறகு இருபத்தைந்து, இருபத்தாறில் எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிடும். முட்டையை உடைத்தால் உள்ளே முழுசாக வளர்ந்த குஞ்சு, இறகோடு. இரண்டு தரம் இப்படி. போனில் நான் கேட்கக்கூடிய கேள்வி எல்லாம் கேட்டுவிட்டேன். அவருடைய பதில் எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

மூன்றாம் தரம் இருபதாம் நாள் நானே பஸ் ஏறிப் போனேன். பெட்டி மேசைமேல் இருந்தது. மேசையின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நின்றன. “எறும்பு வருமா?” என்று கேட்டேன். “அனே மிஸ், கூம்பி எனவானே!” என்றார். வராமல் இருக்குமா என்று அர்த்தம். எனக்கு அந்த வீட்டில் வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பெட்டியைச் சுற்றி நடந்தேன், குனிந்து பார்த்தேன். பக்கங்களில் காற்றுத் துளை இருக்கவேண்டிய இடத்தில் கையை வைத்தேன். வழுவழுவென்று இருந்தது. வெள்ளைப் பெட்டிக்கு வெள்ளை நாடா, துளையளவுக்கு வட்டமாக வெட்டி, அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தார். எட்டுத் துளைக்கும் எட்டு. எறும்பு உள்ளே போகக் கூடாதென்று.

சின்னக் கருவுக்குக் காற்று அதிகம் வேண்டியதில்லை. ஆகவே மூன்று கிழமை ஒரு குறையும் தெரியவில்லை. குஞ்சு பெரிதாகி, நுரையீரலால் மூச்சு விடத் தொடங்குகிற நேரத்தில்தான் உள்ளே காற்றுப் போதாமல் போயிருக்கிறது. நான் ஒவ்வொரு நாடாவாக நகத்தால் கிளப்பக் கிளப்ப, ரீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாடாவை அவரே உரித்தார். உரித்துவிட்டு, அதை விரலில் ஒட்டவைத்தபடி, சிங்களத்தில் மெல்லச் சொன்னார். தமிழில் அது இவ்வளவுதான்: “போன கிழமை எட்டாம் வகுப்புக்கு நான் நடத்தின பாடம் சுவாசம்.”

நான் அடித்த தாள்

இதைச் சொல்லாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மற்றவர்களின் பிழையை எல்லாம் சொல்லிவிட்டு என்னுடையதை ஒளிப்பது அழகில்லை.

கொலன்னாவையில் நஸீர் நானா, முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். அவருடைய மனைவி பலீலா வீட்டோடு ஒன்பது தாரா வளர்த்தார். கல்யாணமாகி வரும்போது தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோடியின் வம்சம். வெள்ளம் வந்தது. அடைபட்டுச் செத்துவிடக் கூடாதென்று நஸீர் நானா கூட்டைத் திறந்துவிட்டார். அயல்வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறித் தப்பின. தாராக்களுக்கு நீந்தத் தெரியுமே! ஒன்பதும் நீந்திப் போயே விட்டன. ஒன்றும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பலீலா புருசனோடு கதைக்கவில்லை. வீட்டில் அலுமாரிக்கு மேல் பதினொரு முட்டை மிஞ்சியிருந்தது. வெள்ளம் வடிந்து கரண்ட் வந்ததும் நஸீர் நானா எங்களிடம் வந்து ஒரு பெட்டி வாங்கினார். நான் வழக்கம்போல் பெட்டியோடு ஒரு விளக்கத் தாளும் கொடுத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலை அவர் போன் எடுத்தார். குரல் சரியில்லை. “மிஸ், தாள்ல எழுதி ஈந்த மாதிரித்தான் செஞ்சேன். இருபத்திரண்டு நாளாகியும் பொரிக்காதத எறியச் செல்லி ஈந்திச்சி. ஏழ வாய்க்கால்ல எறிஞ்சிட்டேன். எட்டாவது கை தவறி படியில உழுந்து ஒடஞ்சிச்சி. உள்ள ஈந்தது கால ஆட்டிச்சி, மிஸ்.”

மேசை லாச்சியைத் திறந்து தாளை எடுத்தேன். நானே அடித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோழி முட்டைக்காரர்களே அதிகம் வந்துகொண்டிருந்தபோது, இங்கிலீஷ் தாள் ஒன்றைப் பார்த்துத் தமிழில் அடித்துக் கொடுத்தேன். கோழிக்கு இருபத்தொரு நாள்தான் கணக்கு. தாளின் தலைப்பில் “முட்டை பொரிக்கும் முறை” என்று இருந்தது. கோழி என்று ஒரு இடத்திலும் இல்லை. தாராக்காரர்கள் கூடியபிறகு வாயால் எத்தனையோ பேருக்கு இருபத்தெட்டு என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் தாளை மாற்ற வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. நஸீர் நானா எங்களை நம்பியபடியால் போன் எடுக்காமல் தாளை வாசித்திருக்கிறார். ஃபஹ்மி நானாவிடம் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். “அடிச்சது நீங்க. அடிங்க எண்டு தந்தது நான். வாங்க தங்கச்சி, ரெண்டு பேரும் போவோம்” என்று வான் வண்டியின் சாவியை எடுத்தார்.

நாங்கள் போனபோது நஸீர் நானா வாசலில் இருந்தார். படியைக் கழுவியிருந்தார்கள், ஈரம் காயவில்லை. மிச்சமிருந்த மூன்று முட்டையையும் பலீலா அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்திருந்தார், அதுவும் ஒரு சொல் பேசாமல். நான் பலீலாவிடம் நேரே சொன்னேன்: “பிழை அவரில இல்லை. நான் அடிச்ச தாளில.” அவர் என்னை நன்றாகப் பார்த்தார். “உள்ள வந்து மொதல்ல முட்டயப் பாருங்க” என்றார். ஜன்னல்களைச் சாத்தி, ஒரு போர்வைக்குள் நானும் அவரும் தலையை விட்டு, போன் வெளிச்சத்தில் பார்த்தோம். முதலாவதில் நிழல் அசைந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன்.

தாளின்படி பதினெட்டாம் நாளிலிருந்து புரட்டவும் இல்லை, பெட்டிக்குள் தண்ணீரும் கூடுதலாக ஊற்றியிருந்தார்கள். அது எவ்வளவு கெடுத்திருக்கும் என்று செல்வத்துக்கே தெரியவில்லை. இருபத்தைந்து வரை மெல்லப் புரட்டுங்கோ, பிறகு தொடாதீங்கோ, மூடியைத் திறக்காதீங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் நானே போன் எடுத்தேன். இருபத்தெட்டாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் காலை ஒரு முட்டையில் நட்சத்திரம்போல் சின்ன வெடிப்பு. மத்தியானமும் அப்படியே, பின்னேரமும் அப்படியே. பலீலா எடுத்தார். “களச்சிட்டு போல, மிஸ். கொஞ்சம் உரிச்சி உடவா?” வேண்டாம் என்றேன். ஓட்டின் உள்பக்கத்து நரம்பில் இன்னும் ரத்தம் ஓடும், அதை உடம்புக்குள் இழுத்து முடிக்கத்தான் இந்த நேரம், இப்போது உரித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும் என்றேன். பலீலா கேட்டார்: “இத நீங்க எந்தத் தாள்ல படிச்சீங்க, மிஸ்?”

தாளில் இல்லை, அவசரப்பட்டு உரித்த வீடுகள் மூன்றுக்குப் போய் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் காலை பட்டறையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தாராவுக்கென்று புதுத் தாள் அடிக்க உட்கார்ந்து, முதல் வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். நானா எதையோ தேடுகிறமாதிரி என் மேசையைக் கடந்து நாலைந்து தரம் போனார். செல்வம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிபோல் பலீலாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் கீச் கீச் என்ற சத்தம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மூன்றாவது முட்டை பொரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கீச்சுக்கு மேலால் அவருடைய குரல் கேட்டது: “ரெண்டு வந்திட்டு, மிஸ். இவரோட கதைக்கவும் தொடங்கிட்டேன். ஏசுறத்துக்குத்தான்.”

இத்தனை வருடத்தில் நான் கேட்ட முறைப்பாடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அதிகம் பிழைவிட்டது மனிதர்கள், அடுத்தது எங்கள் கடை, முட்டைகளோ தங்கள் பங்கைப் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் செய்திருக்கின்றன.